வழக்கும் பாடமும்: சி.வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்பு நெறி

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்ப் பதிப்பு வரலாற்றைக் கூறுவோர் மூவரை ஒருங்கே வைத்துப் பேசுவது மரபு. ஆறுமுக நாவலர் அடித்தளம் இட்டார், தாமோதரம் பிள்ளை சுவர் எழுப்பினார், உ.வே. சாமிநாதையர் கூரை வேய்ந்தார் என்னும் உருவகம் தமிழ் ஆய்வாளர் அனைவரும் அறிந்தது. இவ்வுருவகம் மூவருக்கும் பெருமை சேர்ப்பதாயினும், நடுவில் நின்றவரின் தனித்தன்மையை அது மறைத்துவிடுகிறது. அடித்தளமும் கூரையும் கண்ணுக்குப் புலப்படும் எல்லைகள். சுவரோ இரண்டுக்கும் இடைப்பட்டது என்ற அளவிலேயே எண்ணப்படுகிறது. தாமோதரம் பிள்ளையைப் பற்றிய கட்டுரைகள் பலவும் அவர் பதிப்பித்த நூல்களின் பட்டியலையும் அவர் வகித்த பதவிகளின் பட்டியலையும் தனித்தனியே தந்து அமைகின்றன. இரண்டு பட்டியல்களுக்கும் இடையே உள்ள உறவு போதிய அளவு ஆராயப்படவில்லை.

கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திப் பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக அமர்ந்தவர் அவர். வழக்குரைத்தலும் தீர்ப்புரைத்தலுமாகிய அத்தொழில், ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் பணியோடு எவ்வகையில் தொடர்புறுகிறது என்பதையும், அத்தொடர்பு அவருடைய பதிப்புகளின் நிறைகுறைகளை மதிப்பிட எவ்வாறு உதவுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வாழ்வும் பதிப்பும்: ஒரு கால நிரல்

தாமோதரம் பிள்ளை 1832ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலவழிக் கல்வி பெற்றார். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பின்பேரில் சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' இதழில் பணியாற்றினார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் இவர் ஒருவர். மற்றவர் இவருடைய ஆசிரியராகவும் விளங்கிய கரோல் விசுவநாத பிள்ளை. கோழிக்கோட்டில் ஆசிரியப் பணிபுரிந்த பின்னர் அரசாங்கக் கணக்குத்துறையில் சேர்ந்து உயர்நிலையை எய்தினார். அப்பணியில் இருந்தபடியே சட்டம் பயின்று 1871இல் பி.எல். பட்டம் பெற்றார். 1882இல் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். 1895இல் இராவ்பகதூர் பட்டம் பெற்றார். 1901 சனவரி முதல் நாள் சென்னையில் காலமானார்.

இந்நிரலோடு அவருடைய பதிப்புகளைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். கணக்குத்துறைக் காலத்தில் வெளிவந்தவை தொல்காப்பியம் சொல்லதிகாரம் சேனாவரையம் (1868), வீரசோழியம் (1881) ஆகியன. வழக்கறிஞர் காலத்தில் இறையனார் அகப்பொருள் (1883), தணிகைப் புராணம் (1883), தொல்காப்பியம் பொருளதிகாரம் (1885) ஆகியன வெளிவந்தன. நீதிபதிப் பதவி ஏற்ற 1887ஆம் ஆண்டிலேயே கலித்தொகை வெளிவந்தது. அப்பதவியில் இருக்கும்போது 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் வெளிவந்தன. ஓய்வுக்குப் பின்னர்த் தொல்காப்பியம் எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியம் (1891), சொல்லதிகாரம் நச்சினார்க்கினியம் (1892) ஆகியவற்றை வெளியிட்டார். அகநானூற்றைப் பதிப்பிக்கும் முயற்சி நிறைவேறவில்லை.

சேனாவரையப் பதிப்புக்கும் வீரசோழியப் பதிப்புக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்துள்ளன. சட்டத்தொழிலில் புகுந்த 1882ஆம் ஆண்டுக்குப் பின் பத்தாண்டுகளில் எட்டு நூல்கள் வெளிவந்துள்ளன. இவ்விரைவுக்குத் தொழில்மாற்றம் ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. 1879இல் ஆறுமுக நாவலர் மறைந்தமை மற்றொரு காரணம். 1868ஆம் ஆண்டுப் பதிப்பு நாவலரின் பரிசோதனையைப் பெற்று வெளிவந்தது. நாவலர் இல்லாத நிலையில், பிரதிகளைக் கண்டு துணியும் பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்கும் கட்டாயம் தாமோதரம் பிள்ளைக்கு உண்டாயிற்று. வீரசோழியம் முதலாக அவர் எழுதிய விரிவான பதிப்புரைகள் இப்பொறுப்பேற்பின் வெளிப்பாடுகள் எனலாம்.

பதிப்புரை என்னும் தீர்ப்புரை

அக்காலத்துத் தமிழ் அச்சு நூல்களின் முகப்பில் பெரிதும் இடம்பெற்றவை சாற்றுகவிகளும் சிறப்புப் பாயிரங்களுமே. நூலின் ஏட்டுப் பிரதிகள் எங்கிருந்து கிடைத்தன, அவற்றின் நிலை யாது, எவ்விடத்தில் பாடம் ஐயத்திற்குரியது, எக்காரணத்தால் ஒரு பாடம் கொள்ளப்பட்டது என்பன போன்ற செய்திகளைப் படிப்பவர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றாத காலம் அது. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் இச்செய்திகளைக் கூறத் தலைப்படுகின்றன. ஏடு தந்தவர்களைக் குறிப்பிடுகின்றன. ஏடுகளின் சிதைவை விவரிக்கின்றன. தாம் திருத்திய இடங்களில் பிழை நேர்ந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டு அறிஞர்களின் திருத்தத்தை வேண்டுகின்றன.

ஒரு தீர்ப்புரையின் உறுப்புகளும் இவையே. வழக்கின் வரலாறு, முன்வைக்கப்பட்ட சான்றுகள், அவற்றின் வலிமையும் வலிமையின்மையும், துணிபு, துணிபுக்கான காரணம் என்ற வரிசையில் அமைவது தீர்ப்புரை. காரணம் கூறாத தீர்ப்பு மேன்முறையீட்டில் நிற்காது. காரணம் கூறாத பாடத்தேர்வும் அவ்வாறே பின்வரும் பதிப்பாசிரியர் முன் நிற்காது. தம் முடிவை மற்றொருவர் சோதித்துப் பார்க்க இயலும் வகையில் அதன் அடிப்படைகளைப் பதிவுசெய்தல் என்னும் ஒழுக்கம் இரண்டு துறைகளுக்கும் பொதுவானது. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளில் இவ்வொழுக்கம் முழுமை பெற்றுவிட்டது என்று கூற இயலாது. பாடவேறுபாடுகளை இடந்தோறும் அடிக்குறிப்பில் நிரல்படத் தருதல் பிற்காலப் பதிப்புகளிலேயே செம்மையுற்றது. எனினும் அதற்கான மனப்பாங்கு இவரிடம் தெளிவாகக் காணப்படுகிறது.

சான்றுச் சட்டமும் ஏட்டுச்சுவடியும்

தாமோதரம் பிள்ளை சட்டப்பட்டம் பெற்றதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1872இல், இந்தியச் சான்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 2024 வரை நடைமுறையில் இருந்த அச்சட்டம், அவர் கும்பகோணத்தில் வழக்குரைத்த காலத்தில் அன்றாடம் கையாளவேண்டிய கருவியாக இருந்தது. அச்சட்டத்தின் மூன்று கோட்பாடுகள் ஏட்டுச்சுவடி ஆய்வோடு நெருங்கிய ஒப்புமை உடையன.

முதலாவது, மூல ஆவணம் அழிந்தோ காணாமலோ போனவிடத்து அதன் படியைச் சான்றாக ஏற்கலாம் என்பது. தமிழ்ச் சங்க நூல்களைப் பொறுத்தவரை ஆசிரியர் கையால் எழுதிய மூலம் ஒன்றேனும் இன்று இல்லை. கிடைப்பன எல்லாம் படிகளின் படிகளே. ஆகவே பதிப்பாசிரியன் கையாள்வது எப்போதும் இரண்டாம் நிலைச் சான்று. இரண்டாவது, முப்பது ஆண்டுப் பழைமையுடைய ஆவணம் உரிய இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டால் அதன் உண்மையை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்பது. திருமடங்களும் புலவர் குடும்பங்களும் பாதுகாத்து வைத்திருந்த சுவடிகளுக்குப் பதிப்பாசிரியர்கள் அளித்த மதிப்பு இவ்வகையினது. மூன்றாவது, வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்பது. பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது சான்றாகாது என்ற இக்கோட்பாடு, செவிவழி மரபுகளை மதிப்பிடும்போது ஆய்வாளனுக்குப் பெருந்துணையாவது.

இவ்வொப்புமையைக் கொண்டு தாமோதரம் பிள்ளை சட்டநூலிலிருந்து பதிப்புநெறியைக் கடனாகப் பெற்றார் என்று முடிவு கட்டுதல் தவறு. அவர் சட்டம் பயில்வதற்கு முன்னரே சேனாவரையம் வெளிவந்துவிட்டது. கணக்குத்துறைப் பணியும் ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தைத் தருவதே. சட்டத்தொழில் அவருக்குத் தந்தது, முன்பே இருந்த ஒரு பழக்கத்திற்கு ஒழுங்கும் மொழியும் என்று கொள்வதே பொருந்தும். அவ்வொழுங்கை அவர் எங்குக் கடைப்பிடித்தார், எங்கு நெகிழவிட்டார் என்று காண்பதே திறனாய்வுக்குப் பயன்தருவது. அதற்கு இரண்டு நூல்கள் சான்றாகின்றன.

பொருளதிகாரம்: மாற்றப்பட்ட தீர்ப்பு

தொல்காப்பியம் பொருளதிகாரத்தை 1885இல் நச்சினார்க்கினியர் உரையுடன் தாமோதரம் பிள்ளை பதிப்பித்தார். பொருளதிகாரப் பிரதிகள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பதையும், அவையும் சில ஆண்டுகளுக்குள் அழிந்துபடும் என்ற அச்சமே தம்மைப் பதிப்பிக்கத் தூண்டியது என்பதையும் அவர் பதிவுசெய்துள்ளார். இப்பதிப்பில் பொருளதிகாரம் முழுமைக்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையதாகவே காட்டப்பட்டது. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய பின்னான்கு இயல்களுக்கு அதில் அச்சிடப்பட்ட உரை உண்மையில் பேராசிரியருடையது என்பதைப் பின்னர் இரா. இராகவையங்கார் 'செந்தமிழ்' இதழில் எழுதிய ஆராய்ச்சியால் நிறுவினார். தமிழறிஞர் உலகம் அம்முடிவை ஏற்றுக்கொண்டது.

இப்பிழையின் தன்மையை நுணுகிக் காணவேண்டும். சுவடி நச்சினார்க்கினியர் பெயரால் வழங்கியது. அப்பெயரைப் பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார். அதாவது ஆவணத்தின் புறச்சான்றை நம்பி ஒரு துணிபு எய்தப்பட்டது. இராகவையங்காரின் மறுப்போ உரையின் உள்ளே புகுந்து, உரைநடையின் போக்கு, கருத்து மாறுபாடு முதலிய அகச்சான்றுகளை நோக்கியது. முப்பதாண்டுப் பழைமை ஊகம் என்பது ஊகமே. மறுசான்று வரும்வரை மட்டுமே நிற்பது. மறுசான்று நூலுக்குள்ளேயே இருந்தும் அது கேட்கப்படவில்லை என்பதே இங்கு நேர்ந்த குறை.

ஆயினும் இக்குறையைச் சுட்டும்போது மற்றோர் உண்மையையும் உடன்கூற வேண்டும். இராகவையங்கார் சோதித்தது தாமோதரம் பிள்ளை அச்சிட்டுத் தந்த உரையையே. முழு உரையும் அறிஞர் பலர் கைக்கு எட்டியிராவிடின் இயலுக்கு இயல் ஒப்பிட்டு உரையாசிரியரைப் பிரித்தறியும் வாய்ப்பு அரிதாகியிருக்கும். கீழ்நீதிமன்றம் சான்றுகளை முழுமையாகப் பதிவுசெய்திருந்தால்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற இயலும். தீர்ப்பு தவறாயினும் பதிவு முழுமையாக இருந்தது. பேராசிரியர் உரை பேராசிரியர் பெயரால் இன்று வழங்குவதற்கு அப்பதிவே வழிசெய்தது.

கலித்தொகை: முடிவுறாத வழக்கு

எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது கலித்தொகை. நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் வெளிவந்த இப்பதிப்பு நூலை நல்லந்துவனார் பெயரால் வழங்கியது. கடவுள் வாழ்த்து உட்பட 150 பாடல்களையுடைய இத்தொகையின் ஐந்து கலிகளும் ஐந்து புலவர்களால் பாடப்பட்டன என்று கூறும் வெண்பா ஒன்று பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. பாலைக்கலி பெருங்கடுங்கோ, குறிஞ்சிக்கலி கபிலர், மருதக்கலி மருதனிளநாகனார், முல்லைக்கலி சோழன் நல்லுருத்திரன், நெய்தற்கலி நல்லந்துவனார் என்ற பகுப்பு இவ்வெண்பாவை அடியாகக் கொண்டது. அவ்வாறாயினும் ஓராசிரியர் கொள்கையை ஆதரித்த பிற்கால அறிஞர்களும் உளர். சொல்லாட்சியிலும் வடிவத்திலும் ஐந்து கலிகளுக்கிடையே காணப்படும் ஒருமைப்பாட்டை அவர்கள் காரணமாகக் காட்டினர்.

பொருளதிகாரத்தில் பதிப்பாசிரியரின் துணிபு மாற்றப்பட்டது. கலித்தொகையில் அது இன்னும் வழக்கில் உள்ளது. வெண்பா ஒரு செவிவழிச் சான்று. அதனைப் பாடியவர் யார், எக்காலத்தவர் என்பது தெரியவில்லை. மொழியமைதி ஓர் அகச்சான்று. ஆயின் ஒரே யாப்பு மரபில் பாடிய பலரிடமும் அவ்வொருமை தோன்றக்கூடும். இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு வலிமை தருவது என்பதே சிக்கல். ஐவர் என்பது ஐயத்திற்கிடமில்லாத செய்தியாகப் பாடநூல்களில் எழுதப்படுவதைக் காணும்போது, முதற்பதிப்பின் துணிபும் அதன் சூழலும் மாணவர்க்குக் கற்பிக்கப்பட வேண்டிய தேவை புலனாகிறது.

நடுவுநிலைமை

தாமோதரம் பிள்ளை கிறித்தவக் கல்விச்சூழலில் வளர்ந்து 'ஆதியாகம கீர்த்தனம்' பாடியவர். பின்னர்ச் சைவத்தில் உறுதிபூண்டு 'சைவ மகத்துவம்' எழுதியவர். சமய வாதத்தில் அவர் ஒரு கட்சியைச் சார்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பதிப்பித்த நூல்களின் வரிசை வேறொன்றைக் காட்டுகிறது. வீரசோழியம் புத்தமித்திரர் இயற்றிய பௌத்த இலக்கணம். சூளாமணி தோலாமொழித்தேவர் இயற்றிய சமணக் காப்பியம். தணிகைப் புராணம் கச்சியப்ப முனிவரின் சைவப் பெருநூல். இலக்கண விளக்கம் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இயற்றியது. வாதியாக ஒரு சமயத்திற்கு வழக்காடியவர், பதிப்பாசிரியராக எல்லாச் சமயத்தார் நூலுக்கும் ஒரே கவனத்தைத் தந்துள்ளார். பிறசமய நூல்களைப் பயில்வதே இழுக்கு என்ற எண்ணம் மடங்களிலும் புலவர் குழாங்களிலும் நிலவிய காலத்தில் இது எளிய செயலன்று.

இடத்தைப் பொறுத்தும் இப்பரப்பு கருதத்தக்கது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள திருப்பதி, சித்தூர், பங்காருபாளையம் முதலியன அவ்வெல்லையைச் சார்ந்த ஊர்கள். தணிகைப் புராணத்தின் தலமாகிய திருத்தணி, அந்நூல் அச்சேறியபோது சித்தூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதிற் சேர்ந்தது. 1960இல் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஈழத்து வடகரையில் பிறந்து, வேங்கட எல்லைத் தலத்தின் புராணத்தை அச்சிட்டு, காவிரிக்கரையில் வழக்குரைத்து, புதுக்கோட்டையில் நீதி வழங்கிய ஒருவரின் வாழ்வில் தமிழ்நிலம் என்னும் கருத்து நிருவாக எல்லைகளைக் கடந்தே இயங்கியுள்ளது.

விரைவும் பொறுமையும்

கும்பகோணத்தில் தாமோதரம் பிள்ளை வழக்கறிஞராக இருந்த காலத்தில் அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும் விருப்பம் இருவர்க்கும் இருந்தது. தாமோதரம் பிள்ளை தம் ஆராய்ச்சிப் பிரதியை வேண்டியதையும், அதனைக் கொடுக்கத் தாம் இசையாததையும் சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியுள்ளார். சிந்தாமணி 1887இல் சாமிநாதையர் பதிப்பாகவே வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியைப் போட்டியாகவோ மனவேற்றுமையாகவோ மட்டும் விவரிப்பது அதன் பொருளைச் சுருக்குவதாகும். இங்கு எதிர்நின்றவை இரண்டு பதிப்புக் கொள்கைகள். ஏடு அழிந்துகொண்டிருக்கிறது, கிடைத்ததைக் கிடைத்தவாறு காலந்தாழ்த்தாது அச்சிடுவோம், பிழையைப் பின்வருவோர் திருத்துவர் என்பது ஒன்று. சமண மரபறிந்தோரிடம் பாடம் கேட்டு, பிரதி பல தொகுத்து, ஐயம் தீர்ந்த பின்னரே அச்சிடவேண்டும் என்பது மற்றொன்று. முன்னது பிழையை விலையாகக் கொடுத்து நூலைக் காப்பாற்றுகிறது. பின்னது காலத்தை விலையாகக் கொடுத்துச் செம்மையைப் பெறுகிறது. தாமதிக்கும் நீதி மறுக்கப்படும் நீதிக்கு ஒப்பு என்பதும், விரைந்து வழங்கும் தீர்ப்பு ஆராயாத் தீர்ப்பாகலாம் என்பதும் நீதித்துறை அறிந்த இருமுனைகள். பொருளதிகாரத்தின் நிலையில் காத்திருத்தல் இடர் மிக்கது. சிந்தாமணியின் நிலையில் காத்திருத்தல் பயன் தந்தது. ஆகவே இரு கொள்கைகளுள் ஒன்றை எக்காலத்துக்கும் உரியதாகக் கொள்ளாது, நூல்தோறும் எஞ்சிய பிரதிகளின் எண்ணிக்கையையும் நிலையையும் நோக்கி மதிப்பிடுதல் முறை.

காலக்கணிப்பில் நெகிழ்ந்த அளவுகோல்

வீரசோழியப் பதிப்புரையில் தாமோதரம் பிள்ளை தமிழிலக்கிய வரலாற்றை அபோத காலம், அட்சர காலம், இலக்கண காலம், சமுதாய காலம், அநாதார காலம், சமண காலம், இதிகாச காலம், ஆதீன காலம் என எட்டாகப் பகுத்தார். தமிழிலக்கியத்திற்கு ஒரு வரலாறு உண்டு, அது காலப்பகுப்புக்கு உட்பட்டது என்று காட்டிய தொடக்க முயற்சிகளுள் இது ஒன்று என்ற அளவில் அதன் சிறப்பு நிலைபெற்றது. ஆயின் பாடத்தேர்வில் காணப்படும் எச்சரிக்கை இப்பகுப்பில் காணப்படவில்லை. சங்கம் பற்றிய மரபுச் செய்திகள் இங்கு எளிதில் ஏற்கப்படுகின்றன.

அவரே 1883இல் பதிப்பித்த இறையனார் அகப்பொருள் உரை, முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் என்று கணக்குக் கூறுகிறது. அவ்வுரை நக்கீரர் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்ததென்று அந்நூலே குறிப்பிடுகிறது. நீதிமன்றத்தில் ஒருவர் பல தலைமுறைக்கு முன் கேட்டதைச் சான்றாகக் கூறின் வழக்கறிஞர் தாமோதரம் பிள்ளை எழுந்து தடைகூறியிருப்பார். ஆராய்ச்சியாளர் தாமோதரம் பிள்ளை சங்க மரபைப் பொறுத்தவரை அவ்வாறு தடைகூறவில்லை. தமிழின் தொன்மையில் அவர் கொண்ட பற்று இங்குச் சான்றளவைக்கு முன்னிற்கிறது. அவருடைய எட்டுக் காலப் பகுப்பைப் பிற்கால இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பின்பற்றாமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் சான்றுகளை வெளிப்படையாக வைத்துத் துணிபு கூறும் முறையைத் தமிழ்ப் பதிப்புலகில் வளர்த்தன. அம்முறை அவருடைய நீதித்துறை வாழ்வோடு ஒத்தியங்கியது. இரண்டு, அவருடைய பிழைகள் பெரும்பாலும் புறச்சான்றை அகச்சான்றால் சோதியாமையாலும், மரபுச் செய்திகளைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தாமையாலும் நேர்ந்தவை. மூன்று, அப்பிழைகளைத் திருத்தும் வாய்ப்பையும் அவருடைய பதிப்புகளே வழங்கின.

புகழ்மாலைகளில் ஒருவராக அவரைச் சேர்த்துப் பாடுவதைக் காட்டிலும், அவருடைய ஒவ்வொரு துணிபையும் எடுத்து, இன்று சுவடி நூலகங்களிலும் எண்மத் தொகுப்புகளிலும் கிடைக்கும் பிரதிகளைக் கொண்டு மறுவிசாரணை செய்வதே அவர் விரும்பிய கைம்மாறாகும். தம் திருத்தங்களில் பிழை காணின் தெரிவிக்குமாறு அவர் அறிஞர்களை வேண்டினார். பொருளதிகாரத்தைப் பற்றி அவ்வேண்டுகோளுக்கு இராகவையங்கார் விடையளித்தார். வீரசோழியம், இலக்கண விளக்கம் ஆகியவற்றின் பாடங்கள் இன்னும் அத்தகைய விசாரணையை எதிர்நோக்கி நிற்கின்றன.